வாயிலின் அகலமும் களஞ்சியத்தின் ஆற்றலும்: மடிக்கணனிச் சேமிப்பகங்களின் வேக எல்லை பற்றிய ஒரு நோக்கு

சேமிப்புச் சாதனம் ஒன்றின் தகுதியை அதன் மேலுறையில் அச்சிடப்பட்டுள்ள எண்ணைக் கொண்டு முடிவுசெய்வது இன்று பொதுவழக்காகியுள்ளது. விநாடிக்கு 550 மெகாபைற்று என்றும், 3,500 மெகாபைற்று என்றும், 7,000 மெகாபைற்று என்றும் அவ்வெண்கள் ஏறிச் செல்கின்றன. பாவித்த மடிக்கணனி ஒன்றை வாங்கி, அதனுள் இருக்கும் பழைய வன்றட்டை அகற்றி, எஸ்.எஸ்.டி. என வழங்கும் திண்மநிலைச் சேமிப்பகம் ஒன்றைப் பொருத்த விரும்பும் ஆசிரியரோ மாணவரோ, எண் பெரிதாயின் வேகமும் பெரிதாகும் என்ற நம்பிக்கையிலேயே பணத்தைக் கொடுக்கிறார். இந்நம்பிக்கை முற்றிலும் பிழையானதன்று, ஆனால் அரைகுறையானது. சாதனத்தின் உள்ளார்ந்த ஆற்றல் ஒன்று. அவ்வாற்றல் வெளிப்படுவதற்கு விடப்பட்டுள்ள வாயில் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலான உறவையும், மடிக்கணனிகளில் அவ்வுறவு கொள்ளும் குறிப்பான வடிவங்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய மாணவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்ற வினா எழலாம். 1895இல் வெளிவந்த 'மோகனாங்கி' நாவலின் ஆசிரியரான திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை, சென்னை மாநிலக் கல்லூரியில் நூலகராகப் பணிபுரிந்தவர். அவருடைய காலத்தில் நூலகரின் கவலை அலுமாரி, கறையான், ஈரக்காற்று என்பவற்றோடு அடங்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்ட பின்னரும், 2004 திசெம்பர் 26இன் ஆழிப்பேரலை கீழ்க்கரை வீடுகளிலிருந்த ஏடுகளையும் இதழ்களையும் அள்ளிச் சென்ற பின்னரும், எஞ்சிய தாள்களைப் படிமங்களாக்கிப் பேணுவது நமது பண்பாட்டு வேலைகளுள் முதன்மையானதாயிற்று. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் நிறுவனம் இவ்வகையில் ஆற்றிவரும் பணி யாவரும் அறிந்தது. இத்தகைய வேலைகள் பெரும் கணனிக் கூடங்களில் மட்டும் நடப்பவையல்ல. ஓர் ஊரில், ஒரு வீட்டு மேசையில், ஒரு வருடி, ஒரு பழைய மடிக்கணனி என்ற அளவிலும் நடப்பவை. எனவே அம்மடிக்கணனியின் எப்பகுதி வேலையைத் தாமதப்படுத்துகிறது என்பது தொழினுட்பவியலாளருக்கு மட்டும் உரிய வினாவன்று.

விளக்கத்தைத் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்தே தொடங்கலாம். உவமைக்காக அன்று, சேமிப்பு, வாயில், போக்குவரத்து ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் இலங்கையில் வேறில்லை. 1,630 ஹெக்டேயர் நீர்ப்பரப்பும், ஏறத்தாழ 500 மீற்றர் அகலமுள்ள நுழைவழியும் கொண்டது இவ்வியற்கைத் துறை. நெல்சன் முதல் இன்றைய வல்லரசுகளின் கடற்படைத் தளபதிகள் வரை இதன் ஆழத்தையும் காப்பையும் புகழாதவர் இல்லை எனப் பாடநூல்கள் சொல்லும். அப்புகழ்ச்சியை ஒருபுறம் வைத்துவிட்டுச் சீனக்குடாவுக்குச் சென்றால், பிரித்தானியக் கடற்படை இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் அமைத்த எண்ணெய்க் குதங்கள் நிற்பதைக் காணலாம். இன்று எண்ணிக்கையில் 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளத்தக்கது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது எரிந்த குதத்தின் உருக்குலைந்த சுவரை இன்றும் சிலர் பார்க்கப் போவதுண்டு.

கொள்ளளவைக் கூட்டிப் பார்த்தால் பத்து இலட்சம் தொன்னைத் தாண்டுகிறது. ஆயினும் 1957இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறிய பின்னர், மேற்குதத் தொகுதி பல பத்தாண்டுகள் காடு மூடிக் கிடந்தது. 2003இல் லங்கா ஐ.ஓ.சி. வந்தபோது பயன்பாட்டுக்கு வந்தது கீழ்க்குதத் தொகுதியே. 2022 சனவரியில் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி 14 குதங்கள் அந்நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் எனப் பங்கிடப்பட்டன. குதங்கள் ஏன் இவ்வளவு காலம் வெறுமையாகக் கிடந்தன என்பதற்கு அரசியற் காரணங்கள் பல உண்டு. அவற்றோடு பௌதிகக் காரணம் ஒன்றும் உண்டு: இறங்குதுறையிலிருந்து குதத்துக்குச் செல்லும் குழாய், குதத்திலிருந்து நாட்டினுள் செல்லும் வழி ஆகிய இரண்டினதும் அகலம். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு எண்ணெய்க் குழாய்வழி கிடையாது. தாங்கி லொறிகளும், கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையோடு சேரும் ஒற்றைத்தடப் புகையிரதப் பாதையுமே உள்ளன. குதத்தின் எண்ணிக்கையை இரட்டித்தாலும் ஒரு நாளில் வெளியே செல்லும் எண்ணெயின் அளவு அப்பாதை அனுமதிக்கும் அளவே.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். குதம் எவ்வளவு கொள்ளும் என்பது ஒரு வினா. குதத்திலிருந்து எவ்வளவு விரைவாக எடுக்க முடியும் என்பது இரண்டாவது வினா. எடுத்ததைக் கொண்டுசெல்லும் வழி எவ்வளவு தாங்கும் என்பது மூன்றாவது வினா. கணனிக் கடைகளில் இம்மூன்றும் ஒரே எண்ணாகக் குழம்பிவிடுகின்றன.

இனி, சாதனத்துக்கு வருவோம். பழைய வன்றட்டு என்பது சுழலும் காந்தத் தட்டு. மடிக்கணனிகளில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஏதேனும் ஒரு தரவை எடுக்க வேண்டுமாயின், வாசிக்கும் தலை உரிய தடத்துக்கு நகர வேண்டும். தட்டு சுழன்று அவ்விடம் தலையின்கீழ் வர வேண்டும். இவ்விரண்டுக்கும் சேர்த்துச் சராசரியாகக் குறைந்தது 12 மில்லிவிநாடியாவது செல்லும். ஆகவே எழுந்தமானமாகச் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை விநாடிக்கு ஏறத்தாழ 80 முறை மட்டுமே எடுக்கலாம். ஒவ்வொன்றும் 4 கிலோபைற்று எனக் கொண்டால், விநாடிக்கு 0.3 மெகாபைற்று! அதே தட்டு, தொடர்ச்சியாகக் கிடக்கும் பெரிய கோப்பொன்றை விநாடிக்கு 100 மெகாபைற்று வீதம் தரவல்லது. இயங்குதளம் தொடங்குவதும், செயலிகள் திறப்பதும், கோப்புறையொன்றைப் பட்டியலிடுவதும் பெரும்பாலும் முதல்வகை வேலைகள். பழைய மடிக்கணனியின் மந்தத்துக்கு மூலகாரணம் இதுவே.

திண்மநிலைச் சேமிப்பகத்தில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கிய பிளாஷ் நினைவகமே அதன் அடிப்படை; இன்று நாம் பாவிக்கும் நாண்ட் வகை 1987இல் அறிவிக்கப்பட்டது. சில்லினுள் ஒரு பக்கத்தை வாசித்து வெளியே தருவதற்கு ஏறத்தாழ 80 மைக்ரோவிநாடி எனக் கொள்வோம். தட்டின் 12 மில்லிவிநாடியோடு ஒப்பிட்டால் 150 மடங்கு வேறுபாடு. அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதற்கு நீர் கொதிப்பதையே எடுத்துக்காட்டாகச் சொல்லிச் சலித்த வகுப்பறைகளுக்கு இதனைப் பரிந்துரைக்கலாம். மேலும், சேமிப்பகத்தினுள் பல சில்லுகள் உள்ளன. கட்டுப்படுத்தி அவற்றைப் பல தடங்களில் ஒரே நேரத்தில் வேலைவாங்குகிறது. ஒரு துறையில் பல இறங்குதுறைகளில் ஒரே வேளையில் சரக்கு இறக்குவதைப் போன்றது இது. தனிச் சில்லு மெதுவானதாயினும் தொகுதியாக அவை விநாடிக்கு ஆயிரக்கணக்கான மெகாபைற்றைத் தருகின்றன.

ஆக, உள்ளே பெருவேகம் இருக்கிறது. அது வெளியேறும் வாயிலே இடைமுகம் எனப்படுவது. மடிக்கணனிகளில் நீண்டகாலம் வழங்கியது சாட்டா. அதன் முதற்பதிப்பு 2003இல் நடைமுறைக்கு வந்தது; வேகம் விநாடிக்கு 1.5 கிகாபிற்று. அடுத்தது 3 கிகாபிற்று. 2009இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு 6 கிகாபிற்று. எட்டுப் பிற்றுக்கொண்டு ஒரு பைற்று என்று வகுத்துக் கணக்கிடுவோர் இங்கே ஏமாறுவர். கம்பியில் பிழையின்றிச் செல்வதற்காக ஒவ்வோர் 8 பிற்றும் 10 பிற்றாக மாற்றியே அனுப்பப்படுகின்றன. எனவே உண்மையான மேலெல்லை முறையே 150, 300, 600 மெகாபைற்று. கட்டளைகளின் சுமையும் கழிந்தபின் நடைமுறையில் ஏறத்தாழ 130, 260, 550 எனக் கிடைக்கும். சாட்டா சேமிப்பகங்கள் எந்த நிறுவனத்தினதாயினும் 550 என்ற எண்ணையொட்டியே நிற்பதன் காரணம் இதுதான். அவ்வெண் சேமிப்பகத்தின் எல்லையன்று, வாயிலின் எல்லை.

இவ்வெல்லையைக் கடப்பதற்கு வாயிலையே மாற்ற வேண்டியிருந்தது. 2011இல் முதல் விவரக்குறிப்பு வெளிவந்த என்.வி.எம்.இ. என்ற முறை, சேமிப்பகத்தைப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் தடங்களோடு நேரடியாக இணைக்கிறது. மூன்றாம் தலைமுறைத் தடம் ஒன்று ஏறத்தாழ 985 மெகாபைற்றைத் தாங்கும். நான்கு தடங்கள் சேர்ந்தால் 3,900க்கு மேல். நான்காம் தலைமுறையில் இது இரட்டிக்கிறது. ஐந்தாம் தலைமுறையில் மீண்டும் இரட்டிக்கிறது. வரிசை முறையும் மாறியது. சாட்டாவோடு வழங்கிய பழைய கட்டளை முறையில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். என்.வி.எம்.இ. முறையில் 65,000க்கும் மேற்பட்ட வரிசைகளுக்கு இடமுண்டு. ஒற்றைத்தடப் பாதையில் புகையிரதங்கள் ஒன்றையொன்று காத்து நிற்கும் நிலைக்கும், பல தடங்கள் உள்ள நிலைக்கும் இடையிலான வேறுபாடு இது.

இப்போது கட்டுரையின் மையமான வினாவுக்கு வரலாம். குறுகிய வாயிலுடைய பழைய மடிக்கணனியில் புதிய சேமிப்பகத்தைப் பொருத்தினால் இழப்பது எவ்வளவு?

முதலில் சிறு துண்டுகளைப் பார்ப்போம். 4 கிலோபைற்றுத் துண்டொன்று சில்லிலிருந்து வெளிவர 80 மைக்ரோவிநாடி. அத்துண்டு முதற்பதிப்புச் சாட்டா வழியைக் கடக்க 27 மைக்ரோவிநாடி; இரண்டாம் பதிப்பில் 14; மூன்றாம் பதிப்பில் 7; மூன்றாம் தலைமுறை என்.வி.எம்.இ. வழியில் 1. கட்டளைச் சுமையை விடுத்துக் கூட்டினால் முறையே 107, 94, 87, 81. அதாவது மிகப் பழைய வாயிலுக்கும் புதிய வாயிலுக்கும் இடையில் வேறுபாடு நான்கில் ஒரு பங்களவே. வன்றட்டிலோ இது 12,000 மைக்ரோவிநாடி! எனவே, 2007ஆம் ஆண்டின் மடிக்கணனியில் கூட எஸ்.எஸ்.டி. பொருத்தியவுடன் ஏற்படும் மாற்றம் பொய்த்தோற்றமன்று. அன்றாட வேலைகளில் கிடைக்கக்கூடிய நன்மையின் பெரும்பகுதி அக்குறுகிய வாயிலின் வழியாகவே வந்துவிடுகிறது. பழைய பொறியில் இதைப் பொருத்துவது வீண் என்று சொல்லும் விற்பனையாளரும், விலைகூடியதைப் பொருத்தினால் மேலும் பறக்கும் என்று சொல்லும் விற்பனையாளரும் ஒரே தவற்றை இரு முனைகளிலிருந்து செய்கின்றனர்.

பெரிய கோப்புகளின் கதை வேறு. ஏ4 அளவுத் தாளொன்றை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் முழுநிறத்தில் வருடிச் சுருக்காமற் சேமித்தால், அது ஏறத்தாழ 104 மெகாபைற்று. 200 பக்கச் சிற்றிதழ்த் தொகுப்பொன்று 21,000 மெகாபைற்றை நெருங்கும். இதனை ஒருமுறை முழுமையாக வாசிக்க வன்றட்டுக்கு மூன்றரை நிமிடம். முதற்பதிப்புச் சாட்டாவில் எஸ்.எஸ்.டி.க்கு 2 நிமிடம் 40 விநாடி. இரண்டாம் பதிப்பில் 80 விநாடி. மூன்றாம் பதிப்பில் 40 விநாடிக்குக் குறைவு. 3,500 மெகாபைற்றுத் தரும் என்.வி.எம்.இ. சேமிப்பகத்தில் 6 விநாடி. இங்கு வாயிலின் அகலம் நேர்விகிதத்தில் தன்னைக் காட்டுகிறது. ஆயினும் இந்த 40 விநாடிக்கும் 6 விநாடிக்கும் உள்ள வேறுபாட்டைப் பணிமேசையில் இருப்பவர் பெரும்பாலும் உணரமாட்டார். ஏனெனில் பக்கத்தைத் திருப்புவது, நேராக்குவது, வெட்டுவது, எழுத்துணரியின் வழியே செலுத்துவது ஆகியவற்றில் செயலி செலவிடும் நேரம் அதனை விழுங்கிவிடும். வருடியோ ஒரு பக்கத்துக்குப் பல விநாடி எடுத்துக்கொள்ளும். பின்னர் அதே தொகுப்பை விநாடிக்கு 10 மெகாபிற்று வேகமுள்ள இணைப்பில் மேலேற்றினால் நாலரை மணிநேரத்துக்கு மேல் ஆகும். ஓரிடத்தில் இடுக்கை அகற்றினால் அடுத்த இடுக்கு வெளிப்படும் என்பதே எந்த உற்பத்தித் தொடருக்கும் பொதுவிதி. சுற்றோட்டத்தில் கழியும் காலம் பற்றி மார்க்ஸ் ஆராய்ந்த மூலதனத்தின் இரண்டாம் பாகத்தை நம்மவர் முதற்பாகத்தின் அளவுக்குப் படிப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

இதுவரை கூறியவை பௌதிகம் சார்ந்தவை. எல்லை எப்போதும் பௌதிகத்திலிருந்து மட்டும் பிறப்பதில்லை என்பதே சமூக விஞ்ஞான மாணவர் கூர்ந்து நோக்க வேண்டிய பகுதி. 2007இல் லெனோவோ வெளியிட்ட திங்பேட் டி61 என்ற மடிக்கணனியை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள இன்ரெல் சில்லுத்தொகுதி 3 கிகாபிற்று வேகத்தில் இயங்கவல்லது. ஆனால் உற்பத்தியாளரின் பயோஸ் அதனை 1.5 என்ற அளவில் கட்டிவைத்திருந்தது. கம்பி இருந்தது, சில்லு இருந்தது, ஆற்றல் இருந்தது, அனுமதி இல்லை. பின்னாளில் பயனர்கள் பயோஸைத் திருத்தி அவ்வெல்லையை நீக்கினர். 2009 சூனில் ஆப்பிள் வெளியிட்ட மக்புக் புரோ மடிக்கணனிகளும் 1.5 கிகாபிற்றுக்கே வரையறுக்கப்பட்டு வந்தன. முந்தைய ஆண்டின் மாதிரிகளோ 3 கிகாபிற்றில் இயங்கியவை. வாங்கியோர் எதிர்ப்புத் தெரிவித்தபின், அதே மாதத்தில் நிலைபொருள் திருத்தமொன்று வெளியிடப்பட்டு அவ்வெல்லை உயர்த்தப்பட்டது. ஒரு திருகாணி கூடக் கழற்றப்படாமல் வாயில் இரட்டித்தது! தாங்கள் பணம் கொடுத்து வாங்கிய பொருளின் ஆற்றல் இன்னொருவரின் ஒப்புதலோடு மட்டுமே வெளிப்படும் என்பதைப் பலர் அப்போதுதான் உணர்ந்திருப்பர்.

இதனைக் கண்டவுடன், உற்பத்திச் சக்திகள் வளர்ந்து உற்பத்தி உறவுகளாகிய தளையோடு மோதுகின்றன என்ற 1859ஆம் ஆண்டின் முன்னுரைக் கருத்தை அப்படியே இங்கு ஒட்டிவிடும் ஆசை எழுவது இயல்பு. அவ்வாறு ஒட்டுவது எளிதாயினும் சரியன்று. சாட்டா கம்பி ஓர் உற்பத்தி உறவன்று. அதுவும் உற்பத்திச் சாதனமே. தளை என்று சொல்லத்தக்கது கம்பியின் வேகமன்று. அவ்வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே. தொழினுட்பக் கூறொன்றையும் சொத்துறவையும் ஒன்றாகக் குழப்பினால், பொறியை மாற்றினால் உறவும் மாறும் என்ற மயக்கத்துக்கு நாமே இடமளித்தவர்களாவோம். சீனக்குடாக் குதங்களின் கதையும் இதையே சொல்கிறது: குழாயின் விட்டம் ஒரு செய்தி, குதத்தின் திறப்பு யார் கையில் என்பது இன்னொரு செய்தி.

வாயில் அகன்றும் உள்ளே சரக்கில்லாத எதிர்நிலையும் உண்டு. 2022இல் வெளிவந்த எம்2 மக்புக் எயர் மடிக்கணனியின் 256 கிகாபைற்று மாதிரியில், முந்தைய மாதிரியில் இரண்டாக இருந்த நினைவகச் சில்லு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. வாயிலில் குறையில்லை, இணையாக வேலைசெய்யச் சில்லில்லை. வாசிப்பு வேகம் ஏறத்தாழ அரைவாசியாயிற்று. மலிவான சேமிப்பகங்களிலும் இதன் வேறொரு வடிவத்தைக் காணலாம். ஒரு கலத்தில் 4 பிற்று அடைக்கும் கியூ.எல்.சி. வகைச் சேமிப்பகம், தன் சிறிய விரைவுப் பகுதி நிரம்பும்வரை 500 மெகாபைற்றுக்கு மேல் எழுதும். அது நிரம்பியதும் சில மாதிரிகளில் 80 மெகாபைற்றுக்கு இறங்கிவிடும். சாம்சங் 870 கியூ.வி.ஓ. வரிசையின் 1 தெராபைற்று மாதிரி இதற்கு எடுத்துக்காட்டு. வருடிய படிமங்களை மொத்தமாகக் கொட்டுவோர் இடைமுகத்தின் எண்ணைப் பார்ப்பதற்கு முன் இதனையே விசாரிக்க வேண்டும்.

மடிக்கணனிக்கே உரிய சில சிக்கல்களைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். 2011ஆம் ஆண்டளவின் இன்ரெல் சில்லுத்தொகுதிகளில் இரண்டு வாயில்கள் மட்டுமே 6 கிகாபிற்று, ஏனையவை 3. இறுவட்டுச் செலுத்தியைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் இரண்டாவது சேமிப்பகத்தைப் பொருத்தும் வழக்கம் நம் கடைகளில் பரவலானது. அவ்விடத்துக் கம்பி பெரும்பாலும் மெதுவான வாயிலோடு இணைந்திருக்கும். ஆகவே புதிய எஸ்.எஸ்.டி.யைத் தட்டிருந்த இடத்திலும், பழைய தட்டை இறுவட்டு இடத்திலும் வைப்பதே முறை. தட்டின் 100 மெகாபைற்றுக்கு எந்த வாயிலும் போதும். பிந்திய மடிக்கணனிகளில் எம்.2 என்ற சிறு துளை உண்டு. இப்பெயர் வடிவத்தைக் குறிக்குமேயன்றி வேகத்தைக் குறிக்காது. சாட்டாவுக்கு மட்டும் இணைத்த எம்.2 துளைகளும் உள, இரண்டு தடங்கள் மட்டும் உள்ளவையும் உள. சாட்டா மட்டும் உள்ள துளையில் என்.வி.எம்.இ. சேமிப்பகத்தை வைத்தால் அது மெதுவாகவன்று, இயங்கவே இயங்காது. மாறாக, நான்காம் தலைமுறைச் சேமிப்பகத்தை மூன்றாம் தலைமுறைத் துளையில் வைத்தால், குறைந்த வேகத்தில் ஒழுங்காக இயங்கும். வேறுபாட்டுக்குக் கொடுத்த பணம் மட்டும் உறங்கிக்கொண்டிருக்கும். திருகோணமலையின் வெயிலில், காற்றோட்டமற்ற மெல்லிய உடலினுள் அதிவேகச் சேமிப்பகம் சூடேறித் தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்வதும் உண்டு.

இவற்றை இவ்வளவு விரிவாகக் கூறுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2022இல் இலங்கை ரூபா டொலருக்கு 200 என்ற நிலையிலிருந்து 360 வரை வீழ்ந்தது. அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. இறக்குமதியாகும் பொருள் அனைத்தும் சம்பளத்துக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றபோது, புதிய மடிக்கணனி என்ற எண்ணத்தையே பலர் கைவிட வேண்டியிருந்தது. மின்சாரம் உள்ள சில மணிநேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டிய நிலையில், பொறி திறப்பதற்கே ஐந்து நிமிடம் காத்திருப்பது சிறிய இழப்பன்று. கோணேசபுரி வளாகத்து மாணவருக்கோ, மூதூரிலோ கிண்ணியாவிலோ ஊர்வரலாற்றைத் தொகுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கோ, பழைய பொறியின் ஆயுளை இன்னும் நான்கைந்து ஆண்டு நீட்டிப்பது விருப்பமன்று, தேவை. செல்வ நாடுகளின் அலுவலகங்கள் கழித்துவிட்ட மடிக்கணனிகளே நம் பாவித்த பொருட் சந்தையை நிரப்புகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை சாட்டா வாயிலுடையவை. ஒரு சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யே அவற்றின் முழு அகலத்தையும் நிரப்பிவிடும். அதற்குமேற் செலவிடக்கூடிய பணம் இருப்பின் அதனை நினைவகத்தை அதிகரிப்பதிலோ, இரண்டாவது பிரதியைச் சேமிக்கும் வெளித் தட்டிலோ இடுவது மேல். சேமிப்பகத்தைத் தாய்ப்பலகையோடு பற்றாசு பிடித்துவிடும் அண்மைக்கால மாதிரிகள் சந்தைக்கு வந்து சேரும்போது இத்தெரிவும் இல்லாதொழியும். அப்போது சில்லு பழுதானால் பலகை முழுவதும் கழிவே.

வெளித் தட்டு என்றதும் கடைசி வாயில் ஒன்று நினைவுக்கு வருகிறது. கழற்றிய வன்றட்டை உறையிலிட்டு யூ.எஸ்.பி. வழியே பாவிப்பது நல்ல வழக்கம். ஆனால் யூ.எஸ்.பி. 2.0 துளையில் நடைமுறையில் 35 மெகாபைற்றளவே செல்லும். மேற்சொன்ன இதழ்த் தொகுப்பைப் பிரதியெடுக்கப் பத்து நிமிடம் ஆகும். 2008இல் விவரக்குறிப்பு வெளிவந்த யூ.எஸ்.பி. 3.0 துளையாயின் தட்டின் முழு வேகமும் கிடைக்கும். பெரும்பாலும் அத்துளையின் உட்புறம் நீல நிறமாயிருக்கும்.

தம் பொறியின் வாயில் எது என்பதை அறிய விரும்புவோர் அதைக் கழற்ற வேண்டியதில்லை. விண்டோஸில் இயங்கும் கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருள், சாட்டா சேமிப்பகத்தின் பரிமாற்ற முறையை இரண்டு எண்களாகக் காட்டும். இடப்புறத்து எண் இப்போது இயங்கும் வேகம். வலப்புறத்து எண் அச்சேமிப்பகம் தாங்கக்கூடிய வேகம். 300, 600 எனக் காட்டினால் வாயில் இரண்டாம் பதிப்பினது. 150, 600 எனக் காட்டினால் முதற்பதிப்பினது, அல்லது பயோஸ் எங்கோ கட்டிவைத்திருக்கிறது. இரண்டாவது நிலையில் முதலில் உற்பத்தியாளரின் நிலைபொருள் திருத்தம் உண்டா எனத் தேட வேண்டும். பயனர் திருத்திய பயோஸை ஏற்றுவது இடைநடுவில் மின்சாரம் நின்றால் பொறியையே கொன்றுவிடும். மின்கலம் உயிரோடுள்ள மடிக்கணனியில் மட்டுமே அதை முயலலாம். பாவித்த மடிக்கணனி வாங்குவோர் பணம் கொடுப்பதற்கு முன்னர், கடையிலேயே ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி இவ்வெண்களைக் காட்டும்படி கேட்கலாம்; கழற்றிப் பூட்டப் பத்து நிமிடம் போதும்.